கல்லூரிக் கூடைப்பந்து அணிக்கு இணைய ரசிகர் குழு தொடங்குகிறவர்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள நண்பர்களே,

அமெரிக்கப் பல்கலைக்கழகம் ஒன்றின் கூடைப்பந்து அணிக்காக இணையத்தில் ரசிகர் குழு அமைக்கத் தயாராகிக்கொண்டிருக்கும் மாணவர்களுக்கும் பழைய மாணவர்களுக்கும் இதை எழுதுகிறோம். இத்தகைய குழுக்களை நடத்துகிறவர்கள் நாங்கள். தொடங்குகிறவர்கள் பெரும்பாலும் நவம்பரின் முதல் ஆட்டத்தை மனதில் வைத்தே எல்லாவற்றையும் திட்டமிடுகிறார்கள். சின்னம், நிறம், அரட்டை அறை எல்லாம் அந்த இரவுக்குத் தயாராக இருக்கும். ஆனால் பருவம் நவம்பர் முதல் வாரத்தில் தொடங்கி, மிக நன்றாக ஆடும் அணிக்கே ஏப்ரல் முதல் வாரத்தில் முடிந்துவிடுகிறது. மற்ற அணிகளுக்கு மார்ச் பாதியிலேயே கதை முடிந்தது. அதன்பின் வரும் ஏழு, எட்டு மாதங்களில் உங்கள் குழுவுக்கு ஒருவர் ஏன் வரவேண்டும் என்பதற்கு இப்போதே பதில் எழுதிவையுங்கள். அந்தப் பதில் இல்லாத குழு ஜூன் மாதத்தில் வெறிச்சோடும். அக்டோபரில் மறுபடியும் அடியிலிருந்து கூட்டம் சேர்க்க வேண்டியிருக்கும்.

2022ஆம் ஆண்டை நினைத்துப் பாருங்கள். நியூ ஜெர்சியின் சிறிய கல்லூரியான செயின்ட் பீட்டர்ஸ், ஒரு பிரிவின் 16 அணிகளில் 15ஆம் தரவரிசை எண்ணோடு, அமெரிக்கக் கல்லூரி விளையாட்டு அமைப்பான என்சிஏஏ நடத்தும் மார்ச் தொடருக்குள் வந்து, கென்டக்கி, மர்ரே ஸ்டேட், பர்டூ என்று மூன்று அணிகளை வீழ்த்திக் கடைசி எட்டுக்குள் நுழைந்தது. அந்தத் தரவரிசை எண் கொண்ட அணி எதுவும் அதற்குமுன் அவ்வளவு தூரம் போனதில்லை. நாடே அந்த அணியைப் பற்றிப் பேசியது. தொடர் முடிந்த சில நாட்களில் பயிற்சியாளர் ஷஹீன் ஹாலோவே தான் முன்பு படித்த சீட்டன் ஹாலுக்குப் போய்விட்டார். முக்கிய ஆட்டக்காரர்கள் பலரும் வேறு கல்லூரிகளுக்கு மாறினார்கள். மார்ச்சில் அந்த முகங்களுக்காக வந்த ரசிகர், ஏப்ரலில் யாருக்காக இருப்பார்?

இன்று ஏறக்குறைய எல்லா அணிகளுக்கும் இதே நிலைதான். கல்லூரி மாற விரும்பும் ஆட்டக்காரர்களின் பெயரைப் பதியும் டிரான்ஸ்ஃபர் போர்டல் 2018 அக்டோபரில் வந்தது. 2021இல், முதல் முறை கல்லூரி மாறுகிறவர் ஓராண்டு ஆடாமல் உட்கார வேண்டியதில்லை என்றானது. 2024 முதல், படிப்பில் தகுதியோடு இருப்பவர் எத்தனை முறை மாறினாலும் உடனே ஆடலாம். தன் பெயர், உருவம் ஆகியவற்றால் ஆட்டக்காரர் பணம் ஈட்டுவது 2021 ஜூலை 1இலிருந்து அனுமதிக்கப்பட்டிருக்கிறது. 2025 ஜூனில் நீதிமன்றம் ஏற்ற வழக்குச் சமரச ஒப்பந்தத்துக்குப் பிறகு கல்லூரியே நேரடியாகப் பணம் தரலாம். அந்த ஒப்பந்தத்தில் சேர்ந்த கல்லூரிகளில் கூடைப்பந்து அணிக்கு அதிகபட்சம் 15 பேர். அந்தப் பதினைந்தில் பாதிக்கு மேல் ஒரே கோடையில் மாறிப்போவது இப்போது வியப்பே இல்லை. ஆட்டக்காரர்கள் தங்களுக்கு நல்லதைத் தேடிப் போவதில் எங்களுக்கு எந்த மனக்குறையும் இல்லை. ஆனால், ஒரு நட்சத்திரத்தின் முகத்தை மேலே ஒட்டிவைத்துக் கட்டும் குழு அவர் போகும்போது கூடவே கரைந்துவிடும். ஆண்டுக்கு ஆண்டு மாறாமல் இருப்பவை இரண்டுதான்: ஒருவரையொருவர் பெயர் சொல்லி அறிந்த உறுப்பினர்கள், அணியைப் பற்றி அவர்கள் சேர்த்துவைத்த பதிவேடு. கட்ட வேண்டியவை இவை இரண்டும்தான்.

இடத்திலிருந்து தொடங்குவோம். உடனுக்குடன் பேச ஓர் இடம் வேண்டும். எழுதியதைத் தேடி எடுக்க இன்னோர் இடம் வேண்டும். ஒன்றே இரண்டுக்கும் போதும் என்று நினைப்பதுதான் தொடக்கத்தில் நடக்கும் பெரிய பிழை. டிஸ்கார்ட் என்ற அரட்டைச் செயலி ஆட்ட நேரத்துக்கு மிக நல்லது. ஆனால் போன பிப்ரவரியில் ஒருவர் எழுதிய அருமையான தற்காப்பு அலசலை அதில் கண்டுபிடிப்பதற்குள் விடிந்துவிடும். கூகுளில் தேடுகிறவருக்கு அது தெரியவும் தெரியாது. வாட்ஸ்அப் குழுவில் 1,024 பேர் என்ற வரம்பு இருக்கிறது, பேச்சு தலைப்புவாரியாகப் பிரிவதும் இல்லை. அது நிர்வாகிகளுக்கிடையே பேசிக்கொள்ள உதவும், அவ்வளவுதான். பதிவேட்டுக்கு டிஸ்கோர்ஸ் போன்ற திறமூல விவாத மன்ற மென்பொருளை உங்கள் சொந்த இணைய முகவரியில் (டொமைன்) நிறுவுங்கள். 1 ஜிபி நினைவகமும் 2 ஜிபி ஸ்வாப்பும் (வட்டில் ஒதுக்கும் துணை நினைவிடம்) உள்ள சிறிய வாடகை சர்வரில்கூட அது ஓடும். தொடக்கத்தில் அதுவே போதும், மார்ச்சில் மட்டும் கொஞ்சம் கூட்டிக்கொள்ளலாம். அதில் புதியவருக்கு 0இல் தொடங்கி 4 வரை நம்பிக்கைப் படிகள் உண்டு. முதல் நாளே பத்து இணைப்புகளை ஒட்டிவிட்டு ஓடும் விளம்பரக்காரர்களை அந்தப் படிகளே தடுத்துவிடும்.

சொந்த முகவரி ஏன் என்பதற்கு, யாஹூவின் பழைய இணையக் குழுச் சேவையான யாஹூ குரூப்ஸின் கதை போதும். 2019இல் பழைய பதிவுகளையெல்லாம் நீக்கப்போவதாக அறிவித்தார்கள். 2020 டிசம்பர் 15இல் சேவையே முற்றிலும் மூடப்பட்டது. எடுத்துவைக்காதவர்களுக்கு இருபதாண்டுப் பேச்சு ஒரேயடியாகப் போனது. எந்த நிறுவனத்தின் மேடையில் இருந்தாலும், மாதம் ஒருமுறை முழுப் பிரதி எடுத்து வேறோர் இடத்தில் வையுங்கள். முகவரிப் பெயரைத் தனி ஒருவரின் மின்னஞ்சலில் பதியாதீர்கள். படிப்பு முடிந்து அவர் போனதும் கல்லூரி மின்னஞ்சல் செத்துவிடும். புதுப்பிக்கச் சொல்லும் கடிதம் யார் கண்ணிலும் படாது. ஒரு நாள் காலையில் முகவரி வேறு யாருக்கோ விற்றிருக்கும். குழுவுக்கென்று தனி மின்னஞ்சல், குறைந்தது இரண்டு பேர் கையில் கடவுச்சொல், புதுப்பிக்கும் தேதி எல்லா நிர்வாகிகளின் நாட்காட்டியிலும் என்பதை முதல் வாரத்திலேயே முடித்துவிடுங்கள்.

பெயர் வைக்கும்போது கல்லூரியின் சின்னத்தையோ எழுத்து வடிவத்தையோ எடுத்தாளாதீர்கள். அவை வணிகக் குறிகள். என்சிஏஏ தொடரைக் குறிக்கும் ‘மார்ச் மேட்னஸ்’ என்ற சொற்றொடரும் அப்படிப்பட்டதே; உங்கள் போட்டிக்கோ சட்டைக்கோ அதைப் பெயராக வைத்தால் கடிதம் வரும். ‘இது அதிகாரபூர்வமற்ற ரசிகர் குழு’ என்ற வரி முகப்பில் இருக்கட்டும்.

திறக்கும் நாள் நவம்பர் ஆகக்கூடாது. ஆகஸ்ட் கடைசியோ செப்டம்பரோ சரி. எதிரணிகளின் பட்டியல் தெளிவாகிக்கொண்டே வரும் காலம் அது. பேசுவதற்கு விஷயம் இருக்கும், நெரிசல் இருக்காது. திறப்பதற்கு முன் 15 அல்லது 20 பேரைத் தனியாகச் சேர்த்து, மூன்று வாரமாவது அவர்களை எழுதவிடுங்கள். காலியான அறைக்குள் வரும் புதியவர் ஒரு வரிகூட எழுதாமல் திரும்பிவிடுவார். பிரிவுகளையும் குறைவாக வையுங்கள்: ஆட்டங்கள், அணியும் சேர்க்கையும், பதிவேடு, பொது. நான்கு போதும். இருபது பிரிவு திறந்து ஒவ்வொன்றிலும் இரண்டு பதிவு கிடந்தால், நூறு பேர் இருந்தாலும் இடம் பாழடைந்தது போலத் தெரியும். ஒரு பிரிவில் வேறொரு பேச்சு தொடர்ந்து மூன்று வாரம் ஓடினால் அதற்குத் தனிப் பிரிவு கொடுங்கள்; அதற்குமுன் வேண்டாம்.

இனி ஆட்ட இழை, அதாவது ஓர் ஆட்டத்தைப் பற்றிய பதிவுகள் வரிசையாகச் சேரும் இடம். குழுவின் உயிர் அங்கேதான் ஓடுகிறது, ஆகவே கொஞ்சம் விரிவாகவே சொல்கிறோம்.

ஓர் ஆட்டத்துக்கு மூன்று இழைகள் வேண்டும். முதலாவது முந்தைய நாள் காலையில் திறப்பது: எதிரணி, இடம், நேரம், எந்தச் சேனல், எதிரணியின் முக்கிய ஐவர், நாம் கவனிக்க வேண்டிய இரண்டு விஷயங்கள். இரண்டாவது ஆட்டம் தொடங்குவதற்கு ஒரு மணி முன்பு. மூன்றாவது ஆட்டம் முடிந்ததும். மூன்றாவதைத் திறந்த கையோடு இரண்டாவதைப் பூட்டிவிடுங்கள். ஆட்டத்தின் நடுவே கொதிப்பில் எழுதியதற்கு மறுநாள் காலை யாரோ பதில் சொல்லத் தொடங்குவதால்தான் பாதிச் சண்டைகள் மூள்கின்றன. தலைப்பு எப்போதும் ஒரே வடிவில் இருக்கட்டும்: ஆண்டு-மாதம்-நாள், ஆண்கள் அல்லது பெண்கள், எதிரணி, உள்ளூரா வெளியூரா. ஐந்தாண்டு கழித்துத் தேடுகிறவர் உங்களை வாழ்த்துவார்.

அடுத்தது தாமதம். அரங்கத்தில் இருப்பவர் கண்ணால் பார்க்கிறார். கேபிளில் பார்ப்பவருக்குச் சில நொடி பிந்துகிறது. செயலி வழியாகப் பார்ப்பவருக்கு அரை நிமிடமோ அதற்கு மேலோ பிந்தலாம். சமநிலையில் கடைசி ஃப்ரீ த்ரோவுக்கு ஒருவர் மூச்சைப் பிடித்துக்கொண்டிருக்கும்போது ‘போட்டாச்சு!’ என்று இன்னொருவர் எழுதினால், காத்திருந்தவர் அடுத்த ஆட்டத்துக்கு வரமாட்டார். இதற்குத் தீர்வு, எதை எழுதினாலும் முன்னால் ஆட்டக் கடிகாரத்தைச் சேர்ப்பது: ‘2ஆம் பாதி 4:12, வலது மூலையிலிருந்து மூன்று புள்ளி’. பின்தங்கிப் பார்ப்பவர் கடிகாரத்தைக் கண்டதும் கண்ணைத் திருப்பிக்கொள்ளலாம். இன்னொரு பயனும் உண்டு: பின்னாளில் காணொளியோடு ஒப்பிட்டுப் பார்க்க அந்த இழையே குறிப்பேடாகிவிடும். அரங்கத்தில் இருப்பவர்கள் கடைசி இரண்டு நிமிடம் எழுதாமல் இருப்பது எங்கள் பரிந்துரை. கட்டாயமாக்க வேண்டாம், வழக்கமாக்குங்கள்.

பதிவுகள் சீராக வருவதில்லை. அலை அலையாக வரும். ஆண்கள் ஆட்டத்தில் 20 நிமிடப் பாதிகள் இரண்டு. ஒவ்வொரு பாதியிலும் கடிகாரம் 16, 12, 8, 4 நிமிடங்களைத் தாண்டியபின் ஆட்டம் முதலில் நிற்கும் தருணத்தில் தொலைக்காட்சி இடைவேளை. பெண்கள் ஆட்டம் 2015-16 பருவத்திலிருந்து 10 நிமிடக் கால்பகுதிகள் நான்கு. ஒவ்வொன்றிலும் 5 நிமிடம் தாண்டிய பின் ஓர் இடைவேளை. எல்லாரும் எழுதுவது அந்த இடைவேளைகளில்தான். ஆட்ட இழைக்குப் பொறுப்பானவர் ஒவ்வோர் இடைவேளையிலும் ஒரே வரிச் சுருக்கம் போடட்டும்: புள்ளிகள், யாருக்கு எத்தனை ஃபவுல், போனஸ் நிலை. ஆண்கள் ஆட்டத்தில் ஒரு பாதியில் எதிரணியின் 7ஆவது அணி ஃபவுலிலிருந்து ‘ஒன் அண்ட் ஒன்’ (முதல் ஃப்ரீ த்ரோ விழுந்தால்தான் இரண்டாவது), 10ஆவதிலிருந்து இரண்டு ஃப்ரீ த்ரோ; பெண்கள் ஆட்டத்தில் ஒரு கால்பகுதியின் 5ஆவது ஃபவுலிலிருந்தே இரண்டு. இதைத் தெரியாமல் ‘ஏன் அவனுக்கு இரண்டு கொடுத்தார்கள்’ என்று நடுவரைத் திட்டுகிறவர்கள் அதிகம். சுருக்கத்தில் போனஸ் நிலை இருந்தால் அந்தக் கோபத்தில் பாதி அடங்கிவிடும். டிஸ்கார்டில் ஆட்ட நேரத்தில் மெது முறையை (ஒருவர் அடுத்த பதிவுக்குக் காத்திருக்க வேண்டிய நேரம்) 5 நொடிக்கு வையுங்கள். அதற்குமேல் போனால் பேச்சு உடைகிறது. இல்லாமலே விட்டால் மூன்று பேர் மட்டுமே பேசுவதுபோல் ஆகிவிடும்.

நேரம் குறிக்கும்போது நேர மண்டலம் இல்லாமல் எழுதவே கூடாது. 2024இல் யுசிஎல்ஏ, யுஎஸ்சி, ஆரிகன், வாஷிங்டன் ஆகிய மேற்குக் கல்லூரிகள் பிக் டென் என்ற கான்ஃபரன்ஸுக்கு (தங்களுக்குள் ஆடும் கல்லூரிகளின் கூட்டமைப்பு) மாறியபின், அந்த ஒரே கான்ஃபரன்ஸ் கிழக்குக் கரையிலிருந்து மேற்குக் கரைவரை நீண்டுவிட்டது. மார்ச் இரண்டாம் ஞாயிறு கடிகாரங்கள் ஒரு மணி முன்னே நகரும். அது சரியாகக் கான்ஃபரன்ஸ் தொடர்களின் காலத்தை ஒட்டி வருகிறது. அரிசோனாவின் பெரும்பகுதி கடிகாரத்தை மாற்றுவதே இல்லை. ஆகவே பிப்ரவரியில் கிழக்குக் கரைக்கும் அரிசோனாவின் டூசானுக்கும் இரண்டு மணி வித்தியாசம், மார்ச் பாதியில் மூன்று. நாட்காட்டிக் கோப்பில் நேரத்தை ஆட்டம் நடக்கும் ஊரின் மண்டலத்தோடு சேர்த்துப் பதிந்தால் மென்பொருளே சரியாக மாற்றிக்காட்டும். கையால் கணக்குப் போடுகிறவர் மார்ச்சில் ஒருமுறையாவது தவறவிடுவார்.

ஆட்டம் முடிந்தபின் வரும் இழையில் முதல் பதிவு எண்களாக இருக்கட்டும். வெறும் புள்ளிப் பட்டியல் போதாது. அணி எத்தனை வாய்ப்புகளில் அந்தப் புள்ளிகளை எடுத்தது என்பதே முக்கியம். கணக்கு எளிது. வீசிய ஷாட்டுகளிலிருந்து தாக்குதல் ரீபவுண்டுகளை (தவறிய தம் ஷாட்டில் பந்தைத் திரும்பப் பிடித்தவை) கழித்து, டர்ன்ஓவர்களை (ஷாட் வீசாமலே பந்தை இழந்தவை) கூட்டி, ஃப்ரீ த்ரோ முயற்சிகளை 0.475ஆல் பெருக்கிச் சேருங்கள். 60 ஷாட், 10 தாக்குதல் ரீபவுண்ட், 12 டர்ன்ஓவர், 20 ஃப்ரீ த்ரோ என்றால் 60 - 10 + 12 + 9.5 = 71.5 வாய்ப்புகள். அதில் 75 புள்ளி என்றால் நூறு வாய்ப்புக்கு ஏறத்தாழ 105. அதே 75 புள்ளியை 62 வாய்ப்பில் எடுத்திருந்தால் 121. முதலாவது சுமாரான தாக்குதல், இரண்டாவது மிகச் சிறந்தது. ‘75 புள்ளிதான் எடுத்தோம், தாக்குதல் மோசம்’ என்று தொடங்கும் வாதத்தை இந்த ஒரு வரி தீர்த்துவைக்கும்.

அதோடு கூடைப்பந்துப் புள்ளியியலாளர் டீன் ஆலிவர் வகுத்த நான்கு காரணிகளையும் சேருங்கள்: ஷாட் திறன், டர்ன்ஓவர் வீதம், தாக்குதல் ரீபவுண்ட் வீதம், ஃப்ரீ த்ரோ வீதம். ஷாட் திறனில் மூன்று புள்ளிக் கூடைக்கு ஒன்றரை மடங்கு மதிப்பு. 60இல் 26 விழுந்து அவற்றில் 8 மூன்று புள்ளிகள் என்றால் 26 உடன் 4 சேர்த்து 30. அதாவது 50 விழுக்காடு. முதல் காரணிதான் மிகப் பெரியது. பெரும்பாலான தோல்விகளின் விடை அங்கேயே இருக்கும். ஒரு பகிர்ந்த விரிதாளில் ஆட்டத்துக்கு ஒரு வரியாக இவற்றை நிரப்பிவாருங்கள். எண்களில் ஆர்வமுள்ள உறுப்பினர் ஒருவராவது எந்தக் குழுவிலும் இருப்பார். அவரிடம் ஒப்படையுங்கள், மனமுவந்து செய்வார்.

தரவரிசைப் பேச்சுக்கும் இப்படியொரு நிலையான குறிப்பு தேவை. திங்கட்கிழமை வரும் ஏபி பட்டியலை (செய்தியாளர்கள் வாக்களித்து உருவாக்கும் தரவரிசை) பார்த்துக் கொதிப்பவர்களுக்கு, தொடருக்கான அணிகளைத் தேர்வுக் குழு அதைக் கொண்டு தேர்ந்தெடுப்பதில்லை என்பதைச் சொல்லிக்கொண்டே இருக்க வேண்டும். ஆண்கள் ஆட்டத்தில் 2018-19 முதல், தேர்வுக் குழு பார்த்துவந்த ஆர்பிஐ என்ற தரவரிசை போய் நெட் என்ற தரவரிசை வந்திருக்கிறது. அதன்படி ஆண்கள் அணிக்கு முதல் வகை ஆட்டம் என்றால், எதிரணி உள்ளூரில் முதல் 30 இடங்களுக்குள்ளோ, பொது இடத்தில் முதல் 50க்குள்ளோ, வெளியூரில் முதல் 75க்குள்ளோ இருக்க வேண்டும். 70ஆம் இடத்து அணியை அதன் ஊரிலேயே வென்றால் முதல் வகை வெற்றி; அதே அணியை நம் அரங்கில் வென்றால் இரண்டாம் வகைதான். எதிரணியின் இடம் பருவம் முழுதும் மாறிக்கொண்டே இருப்பதால், நவம்பரில் வென்ற ஆட்டத்தின் மதிப்பு பிப்ரவரியில் ஏறலாம், இறங்கலாம். நாம் ஆடாத இரவிலும் உறுப்பினர்களை வரவழைப்பது இதுதான்: முன்பு நாம் வென்ற அணி இன்று வெல்ல வேண்டுமே என்ற ஆவல். செவ்வாய்தோறும் ‘இந்த வாரம் நமக்குத் தேவையான முடிவுகள்’ என்று ஓர் இழை போடுங்கள். செலவே இல்லாமல் ஓடும்.

பெண்கள் அணிக்குத் தனி மூலை ஒதுக்கி அத்தோடு மறந்துவிடாதீர்கள். ஆட்ட இழை, எண்கள், பதிவேடு எல்லாவற்றிலும் அவர்களுக்கு அதே வடிவம், அதே கவனம் வேண்டும். 2024 பெண்கள் இறுதி ஆட்டத்தில் சவுத் கரோலைனா அயோவாவை 87-75 என வென்றதை 1.8 கோடிக்கும் மேற்பட்டோர் பார்த்தார்கள்; ஆண்கள் இறுதியைவிட அது அதிகம், முதல்முறையாக. 2023 அக்டோபரில் அயோவா பெண்கள் அணி கால்பந்து மைதானத்தில் ஆடிய காட்சி ஆட்டத்துக்கு வந்தவர்கள் 55,646 பேர். அந்த ரசிகர்களுக்குப் பேச இடம் தேவைப்படுகிறது. அவர்களில் பலர் பெரிய ஆண்கள் ரசிகர் குழுக்களில் ஏளனத்தைச் சந்தித்து ஒதுங்கியவர்கள். அவர்கள் உங்களிடம் வருவதும் வராமல் போவதும் முதல் மாதத்தில் நீங்கள் நீக்கும் பதிவுகளைப் பொறுத்தது.

இப்போது வசவைப் பற்றி. இதில் நாங்கள் விட்டுக்கொடுப்பதே இல்லை, நீங்களும் விட்டுக்கொடுக்கக் கூடாது. ஆட்டக்காரர்கள் 18, 20 வயதுப் பிள்ளைகள். உங்கள் இழையை அவர்களும் பெற்றோரும் படிக்கிறார்கள். 2018 மே மாதம் அமெரிக்க உச்ச நீதிமன்றத் தீர்ப்புக்குப்பின் விளையாட்டுப் பந்தயம் மாநிலம் மாநிலமாகச் சட்டபூர்வமானது. அன்றிலிருந்து, ஒரு ரீபவுண்ட் குறைந்ததால் பணம் இழந்தவர்கள் அந்தப் பிள்ளைக்கே மிரட்டல் அனுப்புகிறார்கள். என்சிஏஏ தலைவர் சார்லி பேக்கர், தனி ஆட்டக்காரரின் எண்களை வைத்துக் கட்டும் பந்தயங்களைத் தடைசெய்யும்படி மாநிலங்களிடம் வெளிப்படையாகக் கேட்டுவருகிறார். உங்கள் குழுவில் பந்தயச் சீட்டு, அதன் ஸ்கிரீன்ஷாட், ‘அவன் 12 புள்ளி தாண்டினால் எனக்கு இத்தனை’ வகைப் பேச்சு எதுவும் வேண்டாம். பந்தய நிறுவன விளம்பரமும் வேண்டாம், எவ்வளவு கொடுத்தாலும்.

விதிகளை ஐந்து வரியில் எழுதுங்கள். ஆட்டத்தை விமர்சிக்கலாம், ஆளைத் திட்டக்கூடாது: ‘எதிரணியின் மறிப்பில் (ஸ்கிரீன்) மாட்டிக்கொண்டு பின்தங்குகிறார்’ சரி, ‘இவனைத் துரத்துங்கள்’ நீக்கப்படும். ஆட்டக்காரரின் சமூக ஊடகக் கணக்கைக் குறியிட்டு எழுதக்கூடாது. காயம், உடல்நலம், மதிப்பெண் பற்றிய வதந்தி கூடாது. கல்லூரிக் குழுக்களுக்கே உரிய ஒரு தொல்லை இதில் உண்டு: ‘உணவகத்தில் அவர் காலில் கட்டோடு நடப்பதைப் பார்த்தேன்’ என்று வகுப்புத் தோழர் எழுதுவது. அதைத் தேடியே பந்தயக்காரர்கள் உங்கள் குழுவில் சேருவார்கள். சில கான்ஃபரன்ஸ்கள் ஆட்டத்துக்கு முன் யார் ஆடுவார், யார் ஆடமாட்டார் என்று அதிகாரபூர்வப் பட்டியல் வெளியிடுகின்றன. அதை மட்டும் பகிருங்கள். இன்னும் பள்ளியில் படிக்கும், நம் கல்லூரி சேர்க்க விரும்பும் பிள்ளைகளை யாரும் தொடர்புகொண்டு ‘எங்களிடம் வா’ என்று அழைக்கக் கூடாது. கல்லூரிக்கு நன்கொடை கொடுத்த உறுப்பினர் அப்படிச் செய்தால் அது சேர்க்கை விதிமீறலாகி, தண்டனை கல்லூரியின் தலையில் விழலாம்.

மிரட்டல் வந்தால் வரிசை இதுதான்: நேரமும் முகவரியும் தெரியும்படி படமெடுத்துப் பத்திரப்படுத்துங்கள், பதிவை நீக்குங்கள், எழுதியவரை நிரந்தரமாகத் தடைசெய்யுங்கள், மேடை நிறுவனத்துக்கும் கல்லூரி விளையாட்டுத் துறைக்கும் வளாகக் காவலுக்கும் அனுப்புங்கள். அந்தப் படத்தைக் குழுவில் போட்டுக் கண்டனம் தெரிவிக்காதீர்கள். மிரட்டல் அதனால் இன்னும் ஆயிரம் பேருக்குப் போய்ச்சேரும்.

பதிவுகளைக் கண்காணித்து ஒழுங்குபடுத்தும் மட்டுறுத்துநர் எத்தனை பேர் வேண்டும் என்பதைக் கணக்குப் போட்டே முடிவு செய்யுங்கள். வழக்கமான பருவத்தில் ஓர் அணிக்கு ஏறத்தாழ 30 ஆட்டம். இரண்டு அணிக்கும் 60. ஆட்டத்துக்கு இருவர் என்றால் 120 முறை. ஐந்து பேர் பகிர்ந்தால் ஆளுக்கு 24 இரவு, நாலரை மாதத்துக்குள், அதுவும் படிப்புக்கும் தேர்வுக்கும் நடுவே. ஜனவரியில் களைத்துவிடுவார்கள். எட்டுப் பேர் என்றால் ஆளுக்கு 15, அது தாங்கும். ஒருவர் மாணவர் என்றால் இன்னொருவர் பழைய மாணவராக இருக்கட்டும். வேறு நேர மண்டலத்தில் இருப்பவர் ஒருவர் கட்டாயம் தேவை: மோசமான பதிவுகள் தோல்விக்குப் பின் நள்ளிரவில் வருபவை. தடை கொடுப்பதில் படிகள் வையுங்கள்: எச்சரிக்கை, ஒரு நாள், ஒரு வாரம், பிறகு நிரந்தரம். மிரட்டலுக்கும் இன, சாதி, பாலின வசவுக்கும் படியே கிடையாது. எதிரணி ரசிகர்கள் வந்தால் வரவேற்று, பெயருக்குப் பக்கத்தில் அவர்கள் அணியின் அடையாளம் கொடுங்கள். நல்ல எதிரணி ரசிகர் ஒருவர் இருந்தால் முந்தைய நாள் இழை இரண்டு மடங்கு நன்றாக இருக்கும்.

காணொளித் துண்டுகள் பதிப்புரிமை உள்ளவை. ஒளிபரப்பின் துண்டை நீங்களே பதிவேற்றாமல், கல்லூரியோ கான்ஃபரன்ஸோ வெளியிட்டதற்கு இணைப்பு கொடுங்கள். கட்டணக் கட்டுரைகளை முழுதாக ஒட்டுவது எல்லாக் குழுவிலும் நடக்கும் தவறு. உள்ளூர்ச் செய்தியாளரின் பிழைப்பு அது, அவர் இல்லாவிட்டால் உங்களுக்குச் செய்தியே இல்லை. இரண்டு வரிச் சுருக்கமும் இணைப்பும் போதும். சொந்தத் தளம் நடத்தினால் 1998ஆம் ஆண்டின் டிஎம்சிஏ என்ற அமெரிக்கப் பதிப்புரிமைச் சட்டப்படி புகார் பெறும் முகவராக ஒருவரை அமெரிக்கப் பதிப்புரிமை அலுவலகத்தில் பதிய வேண்டும். கட்டணம் 6 டாலர், மூன்றாண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். உறுப்பினர் பதிவேற்றியதற்காக உங்கள்மேல் வழக்கு வராமல் காக்கும் பாதுகாப்பைப் பெற இது முதல் நிபந்தனை. புகார் வந்ததும் நீக்குவதும், திரும்பத் திரும்ப மீறுகிறவரை வெளியேற்றுவதும் அடுத்தவை.

பணத்தைப் பற்றி ஒன்றே ஒன்று: செலவைக் குழுவின் முன் மாதந்தோறும் எழுதிவையுங்கள். மார்ச் கணிப்புப் போட்டியைப் பணம் கட்டாமல் நடத்துங்கள். நுழைவுக் கட்டணம் வாங்கிப் பரிசு கொடுப்பது பல மாநிலங்களில் சூதாட்டச் சட்டத்துக்குள் போய் நிற்கும்.

கடைசியாக, ஆட்டமில்லாத மாதங்கள். ஏப்ரலில் போர்டல் பரபரப்பு. செய்திகளுக்கு மூன்று குறிகள் வையுங்கள்: கல்லூரியோ ஆட்டக்காரரோ அறிவித்தது, பெயருள்ள செய்தியாளர் சொன்னது, கேள்விப்பட்டது. செய்தியாளரின் பெயரில் ஓர் எழுத்து மாற்றிப் போலிக் கணக்குகள் முளைக்கும் காலம் அது; கணக்கின் பெயரை எழுத்தெழுத்தாகப் பார்க்காமல் இரண்டாம் குறி கொடுக்காதீர்கள். பயிற்சியாளரைத் தேடும் காலமென்றால், யார் வருகிறார் என்று ஊகிக்க ரசிகர்கள் தனி விமானங்களின் பாதையைப் பின்தொடர்வார்கள். அது இருக்கட்டும், ஆனால் ஒருவரின் வீட்டு முகவரியும் குடும்பமும் பேச்சில் வந்த அடுத்த நிமிடம் நீக்கிவிடுங்கள். போகிறவருக்கு நன்றி சொல்லும் இழை ஒன்றைத் திறந்து, அவருடைய நல்ல ஆட்டங்களை அடுக்குங்கள். போனவர் எதிரணியாக உங்கள் அரங்குக்கே வரக்கூடும். அன்று குழு எப்படி நடந்துகொள்ளும் என்பது ஏப்ரலிலேயே முடிவாகிறது.

மே முதல் ஆகஸ்ட் வரை பதிவேட்டு வேலை. வாரத்துக்கு ஒரு பழைய பருவம் என்று எடுத்துக்கொள்ளுங்கள்: ஆட்டப் பட்டியல், முடிவுகள், அணி, பயிற்சியாளர், அந்த ஆண்டின் ஒரு பெரிய ஆட்டத்தைப் பற்றி நேரில் பார்த்தவர்களின் குறிப்பு. பழைய நாளிதழ்களும் கல்லூரி நூலகத்தின் மாணவர் இதழ்த் தொகுப்பும் உதவும். ஒவ்வொரு எண்ணுக்கும் எங்கிருந்து எடுத்தது என்று எழுதுங்கள்; இரண்டு இடத்தில் இரண்டு எண் இருந்தால் இரண்டையும் பதியுங்கள். எழுபதுகளில் அரங்கில் உட்கார்ந்து பார்த்த மாணவர்கள் இன்று எழுபதை நெருங்கியவர்கள் அல்லது தாண்டியவர்கள். அவர்களுக்கு டிஸ்கார்ட் தெரியாமலிருக்கலாம்; தொலைபேசியில் கேட்டு, அனுமதியோடு எழுதிவையுங்கள். நடத்துகிறவர்களுக்கு மிகுந்த மனநிறைவு தருவது இந்த வேலைதான். வாரம் ஒரு பருவம் என்றால் ஒரு கோடையில் பதினைந்துக்கு மேல் முடியும். நான்கைந்து கோடைகளில் ஓர் அணியின் பெரும்பகுதி வரலாறு கைக்குள் வந்துவிடும்.

செப்டம்பரில் நிர்வாகத்தைக் கைமாற்றுங்கள். படிப்பு முடித்தவர்களுக்குப் பதிலாகப் புதியவர்கள், கடவுச்சொற்கள் மாற்றம், ஆட்ட இழைகளின் வார்ப்புரு, மட்டுறுத்துநர் முறைப்பட்டியல், புதுப்பிக்க வேண்டிய தேதிகள் எல்லாம் ஒரே ஆவணத்தில் இருக்கட்டும். புதிதாக வந்தவர் அந்த ஆவணத்தை மட்டும் வைத்துக்கொண்டு, யாரையும் கேட்காமல், அக்டோபரின் காட்சி ஆட்டத்துக்கு ஓர் இழையைத் திறந்து மூடிக் காட்டட்டும். எங்கே தடுமாறுகிறாரோ அங்கே ஆவணத்தைத் திருத்துங்கள்.

அன்புடன்,
ரசிகர் குழுக்களை நடத்தும் சிலர்